மேனேஜிங் டைரக்டர் வாய் திறக்காத சனிக்கிழமை

ராஜபாளையம்,
4.10.94

சிரஞ்சீவி தம்பி தவசிமுத்துவுக்கு உன் அக்காள் கோதையம்மாள் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் மெட்ராஸ் வெயிலிலும் கொசுக்கடியிலும் ஆண்டாள் புண்ணியத்தில் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். இங்கே நானும் பசுவும் சௌக்கியம். உன் மச்சானும் சௌக்கியம்தான். அந்தச் சௌக்கியத்தால் வந்த வினையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பின்னால் ஆளுக்கு ஒரு கதை சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, போன சனிக்கிழமை, அதாவது புரட்டாசி மூன்றாம் சனி, நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உன் மச்சான், நாற்காலி நுனியில். அவருடைய கூட்டாளி ஞானதுரை அண்ணாச்சி, செட்டியார்பட்டியில் பூட்டிக் கிடக்கிற பஞ்சுக் கிட்டங்கிக்குச் சொந்தக்காரர், மடியில் பைபிளோடு. வெளிநாட்டு ஃபண்டு ஒன்றிலிருந்து வந்த வெள்ளைக்கார அம்மாள், பெயர் இங்க்ரிட். அந்த அம்மாள் சொல்வதை நமக்கும் நாம் சொல்வதை அந்த அம்மாளுக்கும் எடுத்துச் சொல்ல வந்த மெட்ராஸ் ஆபீசர் சுயம்புலிங்கம், சொந்த ஊர் நாங்குநேரி. நம் தோப்பில் வேலை பார்க்கும் கருத்தம்மாள், அடுக்களை நிலையில் சாய்ந்தபடி. நான். சுவரில் ஒரு பல்லி. அதை ஏன் சேர்த்தேன் என்பது போகப்போகத் தெரியும்.

உன் மச்சானைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முயல் பண்ணை வைத்தார். முயலெல்லாம் வலையைக் கடித்துக்கொண்டு போய்விட்டது. காளான் போட்டார், வைக்கோல் மட்டும் மிஞ்சியது, அதையும் பசு தின்னவில்லை. இந்த வருஷம் மாம்பழக் கூழ் பாக்டரி. சீசனில் சப்பட்டை மாம்பழம் விலை போகாமல் ஓடையில் கொட்டிக் கிடப்பதை நீயும் பார்த்திருக்கிறாய். அதைச் சாறு எடுத்து டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவதாம். யோசனை தப்பில்லை, யோசிக்கிறவர்தான் இவர். இனிமேல் இவர் புதிதாக ஒரு தொழிலும் தொடங்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு, புரட்டாசி சனிதோறும் நம் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் படியேறிப் பெருமாளைச் சேவித்து, அன்றைக்கு மௌன விரதம் இருக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். விளக்கு வைக்கிறவரைக்கும் பேச்சு கிடையாது. அவசரத்துக்கு மகளுடைய பழைய சிலேட்டும் குச்சியும் இடுப்பில்.

மூன்றாம் சனி அன்று விடியக்காலையில் மலைக்குப் போய், பஸ் பிடித்துத் திரும்பி வந்து, பன்னிரண்டு மணிக்குத் தளிகை போட்டு, துளசித் தீர்த்தம் குடித்துவிட்டு, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சிறுதீயில் பாலை ஏற்றி வைக்கிறேன், வாசலில் அம்பாசிடர் கார் வந்து நிற்கிறது. திங்கட்கிழமை வருவதாகச் சொன்னவர்கள் பிளேன் மாறிப்போனதால் சனிக்கிழமையே வந்துவிட்டார்கள். உன் மச்சான் துண்டோடு நின்றவர் சட்டையைத் தேடி ஓடினார். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்து ஏதோ கேட்டாள். சுயம்புலிங்கம், "மேனேஜிங் டைரக்டரைப் பாக்கணும்னு சொல்லுதாவ" என்றார். உன் மச்சான் சுவரைப் பார்த்தார், ஞானதுரை அண்ணாச்சி கூரையைப் பார்த்தார், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கைகாட்டினார்கள்.

தம்பி, ஆடி மாசம் காஸ் கனெக்‌ஷனுக்கு என்று சொல்லி என்னிடம் ஏழு இடத்தில் கையெழுத்து வாங்கினார். காஸுக்கு எதற்கு ஏழு கையெழுத்து என்று நான் அப்போதே கேட்டேன். சிலிண்டர் கனமில்லையா என்றார். இப்போதுதான் தெரிகிறது, பெண்கள் தலைமையில் நடக்கிற கம்பெனிக்குத்தான் அந்த ஃபண்டு முதலில் பணம் கொடுக்குமாம், அதற்காக என்னை மேனேஜிங் டைரக்டர் ஆக்கியிருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு நின்று, மீதியைக் காலண்டர் தாளிலும் மளிகை கட்டி வந்த பேப்பரிலும் படித்தவள் நான். ஈர முடியும் முகத்தில் மஞ்சளுமாக இடுக்கியோடு போய் நின்றேன். உன் மச்சான் காதோரம் வந்து, "ஏட்டி, ஒரு வார்த்தை பேசுட்டி, மானம் போகுது" என்றார். நான் பெருமாள் படத்தைக் காட்டி, உதட்டில் விரலை வைத்தேன். வேர்த்துப்போய் சுயம்புலிங்கத்திடம், "அவ ரொம்ப யோசிச்சுத்தான் பேசுவா சார்" என்று சமாளித்தார். அதை அந்த ஆபீசர் இங்கிலீஷில் ஐந்து நிமிஷம் சொன்னார். அந்த அம்மாள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

முதலில் மாம்பழம் பார்க்க வேண்டும் என்றாள். அக்டோபர் மாசத்தில் மரத்தில் இலைதான் இருக்கிறது. கருத்தம்மாள் உப்பு மாங்காய் பரணியைத் தூக்கிக்கொண்டு வந்து, "சார், மாம்பழக் கூழுங்கியளே, அது கேப்பக் கூழு மாதிரியா? அதைக் குடிக்கவா இம்புட்டு தூரம் வந்திருக்காவ? அவுக ஊருல சோறு கெடையாதா?" என்று கேட்டாள். சுயம்புலிங்கம் அதையும் விடாமல் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் சிரித்துவிட்டு மாங்காயில் ஒரு துண்டு எடுத்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, இன்னொரு துண்டும் எடுத்தாள்.

ஃபண்டு என்றதும் நான் முக்குரோட்டு ஏலச்சீட்டு ஃபண்டு மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன். சுயம்புலிங்கம் விளக்கினார். "அக்கா, அவிய நாட்டுல ரிட்டயர்டு வாத்தியார்மாரு சேத்து வச்ச துட்டு இது. நம்மள மாதிரி வளருத நாட்டுல வெவசாயத் தொழிலுக்குப் போடுதாவ. போட்டது பத்திரமா இருக்கணும்லா?" எங்கேயோ பனியில் உட்கார்ந்திருக்கிற வாத்தியார்கள் சாக்பீஸ் பிடித்துச் சேர்த்தது, உன் மச்சானை நம்பி வருகிறதே.

பிறகு பேச்சு ஆரம்பித்தது. நூற்றுக்கு அறுபது பங்கு ஃபண்டுக்கு வேண்டும் என்றார்கள். உன் மச்சான் சரி என்று சொல்ல வாயெடுத்தார், அந்த அம்மாள் கையை உயர்த்தி, மேனேஜிங் டைரக்டர் சொல்லட்டும் என்றாள். அந்த நேரம் பார்த்துத் தெற்குச் சுவரில் பல்லி சொல்லியது. தெற்குப் பல்லி ஆகாது என்று உனக்குத் தெரியும். நான் நிமிர்ந்து அதையே பார்த்தேன். அந்த அம்மாளும் பல்லியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பென்சிலைக் கீழே வைத்தாள். சுயம்புலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஐம்பத்தஞ்சுன்னா சம்மதமான்னு கேக்காவ" என்றார். அதற்குள் அடுக்களையில் பால் பொங்கி ஸ்டவ்வில் வழிகிற வாசனை. கருத்தம்மாள் ஸ்டவ்வுக்கு இரண்டடியில் நிற்கிறாள், வெள்ளைக்கார அம்மாளின் கால்விரலில் போட்ட சாயத்தைப் பார்த்துக்கொண்டு. நான் முகத்தை அடுக்களைப் பக்கம் திருப்பினேன். "நாப்பத்தொம்பது, இதுக்கு மேல எறங்க முடியாதாம்" என்றார். உன் மச்சான் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். ஞானதுரை அண்ணாச்சி அவர் தொடையைக் கிள்ளி, "காளிராஜ், சும்மா இரியும். உம்ம வீட்டம்மா செத்த நேரம் இப்படியே இருந்தா பாக்டரிய ஓசியா குடுத்துட்டுப் போயிருவாவ" என்று கிசுகிசுத்தார்.

அப்புறம்தான் நிலம். போடுகிற பணத்துக்கு ஈடாக, அப்பா எனக்குச் சீதனமாக எழுதி வைத்த செண்பகத்தோப்பு நாலு ஏக்கரைப் பத்திரத்தில் சேர்க்க வேண்டும் என்றார் சுயம்புலிங்கம். அதையும் உன் மச்சான் ஃபண்டுக்கு அனுப்பிய மனுவில் தானாகவே எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. நீ சின்னப் பையனாக இருக்கும்போது அப்பா தோள்காவடியில் தண்ணீர் சுமந்து ஊற்றிய மரங்கள். அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் நிறைந்துவிட்டது, துடைக்கவில்லை. அவளும் என்னையே பார்த்தாள். பிறகு நிலத்தைப் பற்றிய தாளை மட்டும் காகிதக் கட்டிலிருந்து உருவி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "நெலம் வேண்டாம், மிஷினு மேல எழுதிக்கிடலாம்ங்காவ" என்றார் சுயம்புலிங்கம், அவருக்கே நம்ப முடியாமல்.

கடைசியில், மேனேஜிங் டைரக்டருக்குக் கேட்க வேண்டியது ஏதாவது உண்டா என்றாள். நான் சிலேட்டை எடுத்து "காஸ் எப்போது வரும்?" என்று எழுதினேன். நான் கேட்டது உன் மச்சானை. சுயம்புலிங்கம் அதை அந்த அம்மாளிடம் வாசித்துவிட்டார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, பாய்லரை விறகில் ஓட்டுவதாக மனுவில் இருந்தது, காஸில் ஓட்டுவதுதான் சரி, இதை இவர்தான் கவனித்திருக்கிறார் என்று சொல்லி, அதற்கும் ஃபண்டிலேயே வழி செய்வதாக எழுதிக்கொண்டாள். போகும்போது சுயம்புலிங்கம் தனியாக வந்து, "அக்கா, நீங்க எங்க படிச்சிய?" என்றார். சிலேட்டில் இடம் இல்லை.

இப்போது தெருவில் தலை காட்ட முடியவில்லை. மளிகைக் கடைக்காரர் ராக்கப்பன், "வாங்க டைரக்டரம்மா, எங்க ஷூட்டிங்?" என்கிறார். உன் மச்சான் மூன்று நாளாக என்னை "நீங்க" என்கிறார். எனக்கு இந்தப் பதவி ஒத்துவராது தம்பி. விரதத்தால் வந்த மௌனத்தை அந்த அம்மாள் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறாள், அது பாவம். ஆகையால் நீ நேரில் வந்து என் பெயரை எடுத்துவிட்டு உன் மச்சான் பெயரைப் போட வழி செய். இங்கிலீஷ் ஒப்பந்தம் பதினாலு பக்கம் இதோடு வைத்திருக்கிறேன். இருபதாம் தேதி கையெழுத்து.

உன் பெண்ஜாதிக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டாள் சூடிய மாலையில் ஒரு இதழ் வைத்திருக்கிறேன், கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல். எல்லோரும் நீடூழி இருக்க வேண்டும்.

உன் அக்காள்,
கோதையம்மாள்

பி.கு.: நான் எழுதுகிற கடிதத்தை உன் மச்சான் படித்து, பிழை திருத்திய பிறகுதான் ஒட்ட விடுவார், வீட்டுக்கு வருகிற கடிதத்தையும் அவர்தான் பிரிப்பார். மேலே உள்ளதைப் படித்துவிட்டார், இரண்டு இடத்தில் ஒற்று போட்டிருக்கிறார். இதைத் தபால் ஆபீஸில் பசை டப்பா பக்கத்தில் நின்று எழுதுகிறேன். விளக்கு வைக்கிறவரைக்கும் என்று மேலே எழுதியது உன் மச்சான் கண்ணுக்குத்தான், என் விரதம் துளசித் தீர்த்தம் குடித்ததோடு முடிந்துவிடும். கார் வந்தபோது நான் தாராளமாகப் பேசியிருக்கலாம். முதலில் பேசாதது பயத்தில்தான். அறுபது ஐம்பத்தைந்தானதும் எனக்கு ஏலச்சீட்டு ஞாபகம் வந்துவிட்டது. பதினைந்து வருஷமாகப் பார்க்கிறேன், அங்கே அவசரப்பட்டு வாய் திறக்கிறவளுக்குத்தான் நஷ்டம். பால் பொங்கட்டும் என்று விட்டுவிட்டேன். கண்ணீர் மட்டும் நிஜம்.

ஆகவே என் பெயரை எடுக்காதே. எடுத்தால் கையெழுத்துப் போடுகிற உரிமை முயல் வளர்த்தவரிடம் போய்விடும். அந்த வாத்தியார்களுக்கும் நான் இருப்பதுதான் நல்லது. பெருமாளிடம் வேண்டியது, உன் மச்சான் புதுத் தொழில் தொடங்கக்கூடாது என்று. தொடங்கப்போகிறது நான், அதனால் நேர்த்திக்கும் குறைவில்லை. வீட்டுக்கு எழுதும் பதிலில், பெயரை மாற்றச் சட்டத்தில் இடமில்லை, அக்காளே இருக்கட்டும் என்று கண்டிப்பாக எழுது. அந்தப் பதினாலு பக்கத்தில் எங்கேயாவது செண்பகத்தோப்பு என்ற பெயரோ, நம் சர்வே நம்பரோ இருக்கிறதா என்று நன்றாகப் பார்த்து, அதை மட்டும் கருத்தம்மாள் பெயருக்குத் தனிக் கவரில் எழுது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, என்னிடம்தான் கொண்டு வருவாள். இருபதாம் தேதிக்கு முன்னால் கிடைக்கும்படி சீக்கிரம் பதில் போடு.