வாத்தியாருக்கு மட்டும் ஓய்வு

"கேஸ் சிலிண்டர் வந்திருக்கு. கொஞ்சம் உள்ள உருட்டி வைங்களேன்" என்றாள் மனைவி.

சோபாவில் மல்லாந்து கிடந்த பூகோள வாத்தியார் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "என்னைத் தொந்தரவு பண்ணாதே. நான் பயிற்சியில இருக்கேன்."

"படுத்துக்கிட்டா?"

"ஓடும்போது தசை கிழியும். படுத்திருக்கும்போதுதான் அது ஒட்டும். ஒட்டினப்புறம் முன்னைவிட பலமாயிடும். மலை எப்படி உருவாகுது தெரியுமா? முதல்ல பூமிக்கு அடியில..."

மலை உருவாவதற்குள் சிலிண்டரை அவளே உருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வாத்தியாருக்கு இது மானப் பிரச்சினை. போன வருஷ நெடுந்தூர ஓட்டத்தில் பாதி வழியில் உட்கார்ந்து, ஆம்புலன்ஸில் வீடு திரும்பியவர். அந்தப் போட்டோவை மைத்துனன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'வண்டியில் முதலாவதாக வந்த மாமாவுக்கு வாழ்த்துகள்' என்று எழுதிவிட்டான். இந்த ஞாயிற்றுக்கிழமையும் ஓடி முடிக்காவிட்டால் அந்தப் பயல் முகத்தில் முழிக்க முடியாது. அதனால்தான் விடியற்காலையில் ஒரு நாள் விடாமல் ஊர் ஓட்டக் குழுவோடு ஓடினார்.

பந்தயம் நெருங்கியதும் அந்தக் குழுவின் கோச் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை போட்டார். "சார், உங்களுக்கு மட்டும் பந்தயம் வரைக்கும் முழு ஓய்வு. கிரவுண்ட் பக்கமே வரக்கூடாது."

அத்தனை பேர் இருக்கத் தனக்கு மட்டும்! வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் ஹாலில் படுத்தால் வேலை தேடி வருகிறதே! கட்டிலை மாடிக்கு ஏற்றிவிட்டால் தொல்லை விட்டது என்று கணக்குப் போட்டார். மகள் மேலே ஒரு முனையைப் பிடிக்க, இவர் கீழே மறுமுனையைப் பிடித்தார். படிக்கட்டின் நடுவில் திடீரென்று நின்றார்.

"இந்தக் கட்டிலோட ஈர்ப்பு மையம் எங்க இருக்கு, சொல்லு பாப்போம்?"

"அப்பா, கை வலிக்குது! இப்ப உங்க தலைமேலதான் இருக்கப் போகுது!"

சொன்னபடியே கட்டில் சறுக்கியது. அதைத் தாங்கிப் பிடித்ததில் வாத்தியாரின் இடுப்பு பிடித்துக்கொண்டது.

எப்படியோ மாடியில் படுத்தாயிற்று. இப்போது இறங்க முடியவில்லை. வெந்நீர்ப் பைக்கு ஒரு கூப்பாடு, தண்ணீருக்கு ஒரு கூப்பாடு, ஃபேனைக் குறைக்க ஒரு கூப்பாடு. ஏறி வந்த ஒவ்வொரு தடவையும் மனைவிக்குத் தசை ஒட்டும் கதை முதலிலிருந்து கிடைத்தது.

"என் முட்டியில இருக்கிறது தசை இல்லையா? அது எப்ப ஒட்டும்?" என்று பொரிந்து தள்ளிவிட்டு, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற கம்பவுண்டரை அழைத்து வந்தாள்.

கம்பவுண்டர் களிம்பைத் தேய்க்க ஆரம்பித்தார். வாத்தியார் எரிமலையை ஆரம்பித்தார். லாவா வெளியே வருவதற்குள் கம்பவுண்டர் எழுந்துவிட்டார்.

"அடுப்புல பால் வச்சுட்டு வந்துட்டேன், சார்!"

அவருக்கு மூன்று வேளையும் ஹோட்டல் சாப்பாடு. வீட்டில் அடுப்பே கிடையாது.

பாதி தேய்த்த இடுப்பு இன்னும் மோசமாகச் சுளுக்கிக்கொண்டது. "ஐயோ, ஞாயிற்றுக்கிழமை போச்சே! மச்சான் சிரிப்பானே!" என்று வாத்தியார் நிஜமாகவே கண்கலங்கினார். அதைப் பார்த்ததும் மனைவிக்கு மனசு கேட்கவில்லை. கோச்சுக்குப் போன் போட்டு, வாத்தியாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சார், ஓய்வெடுத்தே மனுஷன் இடுப்பைப் பிடிக்க வச்சுக்கிட்டார். இனிமே என்னால முடியாது. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன், நாளைக்கே கிரவுண்டுக்குக் கூப்பிட்டுக்குங்க!"

"நாளைக்கேவா?" கோச் அலறினார்.

"ஏன் சார்? அவர் தசை இன்னும் ஒட்டலையா?" என்று மனைவி பயந்துபோய்க் கேட்டாள்.

"ஓடுற வழி பூரா வாய் மூடாம பாடம் நடத்துற மனுஷனுக்கு ஓய்வு எதுக்கும்மா? நான் ஓய்வு குடுத்தது அவர்கூட ஓடுறவங்களுக்கு!"