முப்பது நகலும் ஒரு நாயும்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது, பிறகு சக்கரத்தை. அதன்பின் நெடுங்காலம் உருப்படியாக ஒன்றும் செய்யாமல் பொழுதைப் போக்கிவிட்டு, ஒருவழியாகக் குர்ராபின் ஷைர் கவுன்சில் என்னும் ஊராட்சி அலுவலகத்தில் கணினிகளுக்குக் காப்பு நகல் எடுக்க ஆரம்பித்தது. நியூ சவுத் வேல்ஸின் மேற்குக் கோடியில், மனிதரைவிட ஆடுகள் அதிகம் வசிக்கும் அந்த ஊரில், இம்மாபெரும் பணியின் தலைவர் கிளைவ் ஹார்ட்னெட். பதவியின் பெயர் 'தரவுத் தக்கவைப்பு மேலாளர்'. அவருக்குக் கீழே யாரும் கிடையாது. ஆனாலும் மேலாளர்.

கவுன்சிலின் கணினிகள் கண்ணுக்குத் தெரிபவை அல்ல. பின்னறையில் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. அதற்குள் ஒரு டஜன் கணினிகள் குடியிருப்பதாக ஐதீகம். அவற்றை 'மெய்நிகர் கணினி' என்பார்கள். தண்ணீர் வரிக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, நாய்ப் பதிவேட்டுக்கு ஒன்று. தொட முடியாத அந்தக் கணினிகளைப் பராமரிக்க, தொட்டு எண்ணக்கூடிய சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார் கிளைவ்.

ஒவ்வொன்றிலிருந்தும் தினம் ஒரு நகல் எடுக்கப்படும். முப்பது நகல்கள் தக்கவைக்கப்படும். அடுத்தது வந்து சேர்ந்தால் ஆகப் பழையது மோட்சம் போகும். நகல் எடுத்தாயிற்று என்றால் திரையில் பச்சைக் குறி. திங்கட்கிழமைக் காலைத் தேநீருக்கு எல்லோரும் கூடியதும் கிளைவ் எழுந்து, "எல்லாம் பச்சை" என்பார். கைதட்டுவார்கள். பிறகுதான் தேங்காய்த் துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக்கில் கை வைக்கலாம், அது மரபு.

ஒருமுறை மேயர் பெவர்லி பீல், வாயில் தேங்காய்த் துருவலுடன், கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டார்.

"ஏன் கிளைவ், அந்த நகலை என்னிக்காவது திறந்து பாத்திருக்கீங்களா?"

"மேயர், பாராசூட்டை யாராச்சும் வீட்டுக்கூடத்துல விரிச்சுப் பாப்பாங்களா?"

அடடா! என்ன ஒரு பதில். அன்று கூடுதலாக ஒருமுறை கைதட்டினார்கள்.

இப்படி ஊரே நிம்மதியாக இருந்தபோதுதான் இடியும் மின்னலுமாக ஒரு புழுதிப் புயல் வந்தது. மின்சாரம் போய் வந்தது. இரும்புப் பெட்டிக்குள் எல்லாக் கணினிகளும் கண்விழித்தன. நாய்ப் பதிவேடு மட்டும் எழவே இல்லை. அதே இடியில் பயந்துபோய், நோரீன் டல்லியின் நாய் டிங்கர் வேலியைத் தாண்டி ஓடியது. சிவப்பு நிறக் கெல்பி இனம். ஆடு மேய்ப்பதில் புலி, இடி இடித்தால் எலி. வெளியூரிலிருந்து வந்த நாய்பிடி ஒப்பந்தக்காரர் கடைத்தெருவில் அதைப் பிடித்து, கவுன்சிலின் நாய்க் கொட்டடியில் அடைத்துவிட்டார். டிங்கரின் தோலுக்கடியில் இருந்த அடையாளச் சில்லு தன் எண்ணை ஒழுங்காகச் சொன்னது. அந்த எண் யாருடையது என்று பதிவேடு சொல்ல வேண்டும். பதிவேடுதான் செத்துக் கிடந்ததே.

திங்கள் காலையிலேயே நோரீன் கவுன்ட்டருக்கு வந்துவிட்டாள். புருஷன் போனபின் அந்தப் பண்ணையில் அவளும் நாயும்தான்.

"ஏம்ப்பா கிளைவ், நம்ம டிங்கர்ப்பா! போன வருஷம் கவுன்சில் காலண்டர்ல மார்ச் மாசமே அவன்தானே! உன் டிபன் டப்பாவைத் திருடித் தின்னவன்!"

"எனக்குத் தெரியும் நோரீன். சிஸ்டத்துக்குத் தெரியலையே."

"நீ சொல்லேன் அதுகிட்ட."

"அது கேக்குற நிலைமையில இல்ல."

"சரி, புதுசாப் பதிஞ்சுக்கோ. கட்டணத்தையும் கட்டிடுறேன்."

"நகல்ல இருந்து மீட்டெடுப்பு முடியுற வரைக்கும் புதுசா ஒண்ணும் பதியக் கூடாது. பழசும் புதுசும் கலந்துடும் பாருங்க."

"அப்ப பதியாமலே கூட்டிட்டுப் போறேன்."

"ஐயையோ! பதிவில்லாத நாயை வெளிய விட்டா சட்ட விரோதம்."

"உள்ளயே வச்சிருந்தா?"

"வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் சட்டப்படி வச்சிருக்கலாம்."

வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு என்ன என்று நோரீன் கேட்கவில்லை. கெடு தாண்டினால் ஊசிதான் என்பது பண்ணைக்காரிக்குத் தெரியாததா? கேட்பாரற்ற நாய்களுக்குக் கெடு வைக்கும் கணினியும் அதே இரும்புப் பெட்டிக்குள்தான் குடியிருந்தது. அது மட்டும் ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"கவலைப்படாதீங்க. முப்பது நகல் இருக்கு" என்றார் கிளைவ், மார்பு விரிய.

பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நகலைத் திறந்தார். என்ன வேகம்! கண்ணிமைப்பதற்குள் மீட்டெடுப்பு முடிந்துவிட்டது. மொத்த நாய்கள்: பூஜ்யம். நேற்றைய நகலில் ஏதோ கோளாறு என்று முந்தினதைத் திறந்தார். பூஜ்யம். அதற்கு முந்தினது. பூஜ்யம். முப்பதையும் திறந்தார். முப்பதிலும் ஒரு நாய்க்குட்டிகூட இல்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போன வருடம் நாய்ப் பதிவேட்டைப் புதிய மெய்நிகர் கணினிக்கு மாற்றினார்கள். பழையதைத் துடைத்துக் காலி செய்தார்கள். ஆனால் அணைக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. எதற்கும் இருக்கட்டுமே என்று விட்டுவைத்தார்கள். வீடு மாறிய செய்தியை நகல் எடுக்கும் நிரலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அதுவும் பாவம், நாள் தவறாமல் காலி வீட்டுக்குப் போய், அங்கிருந்த ஒன்றுமில்லாததை ஒன்றுவிடாமல் நகலெடுத்து, பச்சைக் குறி போட்டுக்கொண்டிருந்தது. உண்மையான நாய்கள் இருந்த பழைய நகல்களெல்லாம் தக்கவைப்பு விதியின்படி என்றோ மோட்சம் போய்விட்டன. அந்த விதியை எழுதியவர் கிளைவ்.

அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

புதன்கிழமை கொட்டடிக் காவலர் ஷெய்ன் வந்து கதவைத் தட்டினார்.

"மச்சான், அந்த நாய் ஒரு வாய் சோறு திங்கல. ஒரே ஒரு வரி எழுதிக் குடு. 'பதிவேடு தொலைஞ்சுபோச்சு, தப்பு கவுன்சிலோடது'ன்னு. நான் கெடுவை நிறுத்திட்டு நாயை விட்டுடுறேன். சட்டத்துல இடம் இருக்கு."

ஒரு வரிதான். ஆனால் அடுத்த மாதம் சிட்னியில் மாநாடு இருந்தது. 'தக்கவைப்பின் தனிப்பெரும் முன்மாதிரி' என்ற பட்டத்துக்குக் கிளைவின் பெயர் போயிருந்தது. உரை தயார், புது கோட்டும் தயார்.

"தொலைஞ்சுபோச்சுன்னு யாருய்யா சொன்னது? மீட்டெடுப்பு நடந்துகிட்டிருக்கு."

"வெள்ளிக்குள்ள முடியுமா?"

"நடந்துகிட்டிருக்கு ஷெய்ன்."

"ஆமாவா இல்லையா, அதைச் சொல்லித் தொலை!"

"கட்டம் கட்டமா நடந்துகிட்டிருக்கு."

ஷெய்ன் தொப்பியை மாட்டிக்கொண்டு கொட்டடிக்குத் திரும்பிவிட்டார்.

நோரீன் தினமும் வந்தாள். கவுன்ட்டர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, "முடிஞ்சுதாப்பா?" என்பாள். "நெருங்கிட்டோம்" என்பார் கிளைவ். எதை நெருங்கினோம் என்று அவர் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை அவள் கையில் வறுத்த சாசேஜ் பொட்டலம் இருந்தது, வெளியே வந்ததும் டிங்கருக்குக் கொடுக்க. கண்ணாடி வழியாகக் கிளைவ் அதைப் பார்த்தார். அவரும் மனிதர்தானே. உட்கார்ந்து அந்த ஒரு வரியைத் தட்டச்சு செய்தார். வாசித்தார். நன்றாகத்தான் இருந்தது. பிறகு அழித்தார். அதற்கு அவர் காப்பு நகல் வைத்துக்கொள்ளவில்லை.

மதியம் கடந்தது. ஷெய்ன் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஆச்சு" என்று மட்டும் சொன்னார். நோரீனிடம் போய்ச் சொன்னதும் ஷெய்ன்தான். கிளைவுக்கு அப்போது மிக முக்கியமான கூட்டம் இருந்தது, தன்னுடனேயே, கதவைச் சாத்திக்கொண்டு.

அடுத்த வாரம் கவுன்சிலின் பொதுக்கூட்டம். கிளைவ் அறிக்கை வாசித்தார்: "நாய்ப் பதிவேட்டின் மீட்டெடுப்பு வெற்றிகரமாக நிறைவுற்றது. நகல் முதல் முயற்சியிலேயே திறந்தது. பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. பழைய பதிவுகளின் பாரம் ஏதுமின்றிப் பதிவேடு புத்தம் புதிதாக இயங்குகிறது. நாய் வளர்ப்போர் அனைவரும் இன்றே வந்து மறுபடி பதிந்துகொள்ளலாம்."

கைதட்டல் எழுந்தது. கூரை விசிறிக்குக் கீழே லாமிங்டன்கள் காத்திருந்தன.

"பொதுமக்கள் கேள்வி நேரம்" என்றார் மேயர்.

பின்வரிசையில் நோரீன் எழுந்தாள். குரல் நடுங்கவில்லை.

"கிளைவ், உன் பதிவேட்டுல டிங்கர்னு ஒரு நாய் இருக்கா?"

"இல்லீங்க."

"ஊருக்குள்ள இருக்கா?"

கிளைவ் கையிலிருந்த அறிக்கையை மடித்தார்.

"இல்லீங்க."

"அப்ப அவன் விஷயத்துல உன் பதிவேடு இப்ப சரியா இருக்குதில்ல?"

மேயர் திரும்பிக் கிளைவைப் பார்த்தார். கவுன்சிலர்கள் பார்த்தார்கள். வாசலில் நின்ற ஷெய்ன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கிளைவ் தன் பணிக்காலம் முழுவதிலும் தந்த அறிக்கைகளில், ஊரோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துத் தந்தது இந்தப் பதில் ஒன்றுதான்.

"ஆமா நோரீன்," என்றார். "இப்ப சரியா இருக்கு."