சர்வேயர் வரும்வரை தொடாதீங்க பாய்

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே நெளிசல் இல்லாமல் ஒரு வண்டி ஓடுகிறதென்றால், ஒன்று அது இன்றைக்குத்தான் ஷோரூமிலிருந்து இறங்கியிருக்க வேண்டும், இல்லை டொக்கு பாய் கண்ணில் பட்டிருக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

ராயக்கோட்டை ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு டிங்கரிங் வேலை செய்பவர். வண்டியில் விழுகிற டொக்கைத் தட்டி எடுப்பது தொழில். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் வீட்டம்மாவே ஒருமுறை போனில், “டொக்கு பாய் வூட்ல இருந்து பேசறேங்க” என்றுதான் ஆரம்பித்தார்.

தொழிலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவருக்கு அது வியாதி. சொந்தக்காரர் கல்யாணத்தில் பிரியாணி அண்டாவின் வயிற்றில் ஒரு ஒடுக்கைப் பார்த்துவிட்டு, அதை எடுக்காமல் பந்தியில் உட்கார மாட்டேன் என்று நின்றவர். மாப்பிள்ளை வீட்டார் பசியோடு காத்திருக்க, உள்ளே ‘டங் டங்’ என்று சத்தம். இன்னொரு முறை கெலமங்கலம் சந்தையில் யாரோ நிறுத்திவிட்டுப் போன காரின் டொக்கை, கேட்காமல் கொள்ளாமல் எடுத்துவிட்டார். காய்கறிப் பையோடு திரும்பி வந்த வண்டிக்காரர் தன் வண்டியை அடையாளம் தெரியாமல் அதைத் தாண்டிப் போய், வண்டி திருட்டுப் போய்விட்டதென்று போலீசைக் கூப்பிட்டார்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் நான் இன்ஷூரன்ஸ் க்ளைமுக்காக வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். என் நேரம்.

என் மனைவி விஜி கெலமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கம்பெனி ஷிஃப்ட் கூட்டத்தோடு பஸ்ஸில் நசுங்கி நசுங்கி அலுத்துப்போய், கார் ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கினாள். தனியாக ஓட்டிப்போன முதல் நாளே, திரும்பி வரும்போது எங்கள் வீட்டு கேட் தூணில் இடித்துவிட்டாள். இடது பக்கக் கதவு உள்ளே போய்விட்டது. எதிர் வீட்டுக்காரர் வந்து, “பரவால்லைங்க, லேடீஸ் ஓட்டுனா அப்படித்தான்” என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலில்தான் எல்லாம் கெட்டது. “இனிமே நான் அதைத் தொட மாட்டேன்” என்று சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, மறுநாள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

வண்டி எக்கேடு கெட்டாலும் எனக்குக் கவலையில்லை. அவள் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். அதற்குக் கதவு சரியாக வேண்டும், கதவு சரியாக இன்ஷூரன்ஸ் வேண்டும். இன்ஷூரன்ஸ்காரர்களுக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று பாட்டுப் போட்டே என் சாப்பாட்டு நேரத்தைத் தின்றுவிட்டு, கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

“எங்க சார் ஆக்சிடென்ட் ஆச்சு?”

“எங்க வீட்டு கேட்ல.”

“எதிர்ல வந்த வண்டி நம்பர் சொல்லுங்க.”

“அது கேட்டுங்க. எதிர்ல வரல, அங்கயேதான் நின்னுட்டிருந்துச்சு.”

சேதத்தைப் பார்த்து மதிப்புப் போட சர்வேயர் வருவார் என்றாள். பாயிடம் படித்துப் படித்துச் சொன்னேன்: “சர்வேயர் வர்ற வரைக்கும் தொடாதீங்க பாய். டொக்கு இருந்தாத்தான் க்ளைமு.”

“சரிங்க சார். கண்ணுல பட்டாத்தானே? தார்ப்பாய் போட்டு மூடிடறேன்” என்றார். மூடியும் விட்டார்.

சர்வேயர் வரவில்லை. நாளைக்கு என்றார், பர்கூரில் லாரி கவிழ்ந்துவிட்டது என்றார், மறுபடி நாளைக்கு என்றார். நடுவில் பாய் வேறு, கம்பெனியில் நான் மெஷின் பக்கத்தில் நிற்கிற நேரம் பார்த்துப் போன் போடுவார். “அவரு எப்ப சார் வருவாரு? தார்ப்பாய்க்குள்ள அது கெடக்குதுன்னு நெனச்சா சோறு எறங்கல.” பிறகு போன் நின்றுவிட்டது. நானும் நிம்மதி என்று விட்டுவிட்டேன். புத்தியுள்ளவன் அன்றைக்குத்தான் பயந்திருப்பான்.

ஒருவழியாக சர்வேயர் வந்தார். பெங்களூர்ப் பக்கத்துக்காரர், பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசுகிறவர். அரை நாள் லீவு போட்டுவிட்டு நானும் போய் நின்றேன். பாய் தார்ப்பாயை விலக்கினார். கதவு பளபளவென்று இருந்தது. பட்டி பார்த்து, பெயிண்டும் அடித்து முடித்திருந்தார். அதில் என் முகம் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

“டென்ட் எல்லிதே?” என்று சர்வேயர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். “எங்க சார் டென்ட்டு?”

“எடுத்துட்டேங்க” என்றார் பாய், தலையைச் சொறிந்துகொண்டு.

“நான் பாக்காம ஹேகே... எப்படி எடுத்தே? போட்டோ இருக்குதா?”

இருந்தது. நான் எடுத்த போட்டோவில் கேட் தெளிவாகவும் கதவு மங்கலாகவும் விழுந்திருந்தது. சர்வேயர் பையை மூடினார். பாய்க்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. ஓடிப்போய்ப் பெரிய சுத்தியலைத் தூக்கி வந்தார்.

“ரெண்டு நிமிசம் நில்லுங்க சார்! எப்படி இருந்துச்சோ அப்படியே போட்டுத் தரேன்!”

சர்வேயர் பைக்கை ஸ்டார்ட் பண்ணிய வேகத்தை வரும்போது காட்டியிருந்தால் எனக்கு க்ளைம் கிடைத்திருக்கும்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “ஏன் பாய், இத்தனை சொல்லியும் இப்படிப் பண்ணலாமா?”

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். “தங்கச்சி வந்துச்சு சார். பஸ்ஸ விட்டு எறங்கி நேரா இங்க வந்துச்சு. தார்ப்பாயத் தூக்கிப் பாத்துட்டு, அந்த டொக்கத் தடவித் தடவி அழுதுச்சு. நான் என்னா சார் பண்ணுவேன்? அது பஸ் ஏறிப் போனதும் சுத்தியல எடுத்துட்டேன்.”

விஜி அங்கே போனதே எனக்குத் தெரியாது.

வண்டியைக் கொடுங்கள் என்றேன். சாவியை என்னிடம் தர மறுத்துவிட்டார். “இடிச்சவங்க வந்து எடுக்கட்டும்.” சாயங்காலம் விஜி வந்தாள். கதவைப் பார்த்தாள், கையால் தடவினாள், டொக்கு இருந்த இடத்தை அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. பாய் சாவியை நீட்டினார்.

“ஓட்டிட்டுப் போ தங்கச்சி. மறுபடி இடிச்சா என்னா, நான் இங்கதானே இருக்கேன்.”

அவள் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வழியெல்லாம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தேன். வீடு வந்ததும் இறங்கி கேட்டை அகலமாகத் திறந்துவிட்டேன். எதிர் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். வண்டி தூணைத் தொடாமல் உள்ளே போனது. அன்றைக்குப் பிறகு அவள் பஸ் ஏறவில்லை.

போன வாரம் தக்காளி ஏற்றிய வண்டி ஒன்று பின்னால் வந்து எங்கள் பம்பரை நசுக்கிவிட்டது. விஜி போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். “வண்டிய பாய்கிட்ட விட்டுட்டேங்க. நாளைக்கு சர்வேயர் வர்றாராம். அதுவரைக்கும் நீங்க போய்ப் பக்கத்துலயே உக்காந்து, அவரு சுத்தியல எடுக்காம பாத்துக்கங்க.”

நான் போகவில்லை. அந்த மனுஷனின் கையைப் பிடித்து நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.