பத்துக்கு ஒன்பது வாங்கிய பூட்டு

நம் வீடுகளில் ஒரு புதுப் பொருளுக்குக் கிடைக்கும் மரியாதை, அதைக் காசு கொடுத்து வாங்கிய மனிதருக்குக் கிடைக்காது. எங்கள் மயிலாப்பூர் வீட்டு சோபாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா அதை வாங்கி மூன்று வருஷமாகியும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. சித்திரை வெயிலில் அதில் பத்து நிமிஷம் உட்கார்ந்து எழுந்தால் 'சர்ர்ர்' என்று முதுகுத் தோலும் கூடவே உரிந்து வரும். "யாராச்சும் பெரிய மனுஷங்க வரும்போது பிரிச்சுக்கலாம்டா" என்பாள். (அப்போ நாங்கல்லாம் யாரு?) ஆனாலும் நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கும் அதே புத்திதான். அந்தப் புத்தியால் ஒரு தெருவுக்கே தண்ணீர் வராமல் செய்த புண்ணியவான் நான். இதைச் சிரித்துக்கொண்டே சொல்லத்தான் ஆசை. முடிந்தவரை பார்க்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அடையாறில், ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் இருந்த சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை. ஐரோப்பாவிலிருந்து வரும் வளர்ச்சி நிதியைக் கிராமப் பஞ்சாயத்துகளின் வேலைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், எந்த ஊர் அதை எப்படிப் பயன்படுத்தியது என்று பார்த்து அறிக்கை எழுதுவதும் எங்கள் பணி. 'ஒப்பீட்டு அலுவலர், ஐரோப்பிய நிதி' என்று சொந்தச் செலவில் விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருந்தேன். அக்காவின் கணவர், அதாவது மாமா, அதை வாங்கிப் படித்துவிட்டு, "இன்னா மச்சான், ஐரோப்பாவே உன்ன கேட்டுத்தான் செலவு பண்ணுதா?" என்றார். கிண்டல் என்று எனக்குப் புரியவில்லை. "கிட்டத்தட்ட அப்படித்தான் மாமா" என்றேன்.

என் பொறுப்பில் இரண்டு பஞ்சாயத்துகள்: ஆலந்தாங்கல், புதுமேடு. இரண்டுக்கும் ஒரே தொகை, ஒரே வரைபடம். பெண்களுக்குக் குளியலறை, கழிப்பறை, துணி துவைக்கும் மேடை, வரிசையாகக் குழாய்கள். எந்த ஊர் நிதியை நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறதோ, அதற்கு இரண்டாம் கட்டப் பணம். கட்டடம் முடிந்தவுடனேயே இரண்டு தலைவர்களுக்கும் போன் செய்து, "வெளிநாட்டு மேடம் வந்து பார்ப்பாங்க, அதுவரைக்கும் அழுக்கு ஆகாம பாத்துக்குங்க" என்று சொல்லியிருந்தேன். பெருக்கிச் சுத்தமாக வைத்திருங்கள் என்பதுதான் நான் நினைத்த அர்த்தம். நான் நினைப்பதெல்லாம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

எட்டு மாதம் கழித்து, அறிக்கை எழுத முதலில் புதுமேட்டுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் அழுகையே வந்துவிட்டது. தரையெல்லாம் பாசி. சுவரெல்லாம் மஞ்சள் தேய்த்த கைகளின் தடம். ஒரு குழாயின் திருகு உடைந்து, துணி சுற்றிக் கட்டை அடித்து வைத்திருந்தார்கள். நிதி கொடுத்தவர்களின் கொடி வரைந்த பெயர்ப்பலகை மீது யாரோ உள்பாவாடை காயப்போட்டிருந்தார்கள். ஐரோப்பாவின் மானமே அதில் சொட்டிக்கொண்டிருந்ததாக எனக்குப் பட்டது.

தலைவர் பாக்கியம் அக்கா கூடவே வந்தார். "விடியறதுக்கு முன்னாடியே கூட்டம் வந்துடுது தம்பி. மொதல்லாம் பொம்பளைங்க இருட்டற வரைக்கும் வயித்தப் புடிச்சிக்கினு கெடப்பாங்க. இப்ப அந்தப் பாடு இல்ல. ஏரிக்கரைத் தெருவுக்குத்தான் இன்னும் பைப்பு எட்டல. லாரி போற ரோட்டத் தாண்டி கொடத்தத் தூக்கினு வருதுங்க. ரெண்டாவது பணம் வந்தா மொத வேல அதான். நீதான் நல்லபடியா எழுதணும்."

"கண்டிப்பா எழுதறேன்க்கா" என்று சொல்லிக்கொண்டே என் கை எழுதியது: பாசி. குழாய் உடைப்பு. பெயர்ப்பலகையில் பாவாடை. பத்துக்கு மூன்று.

ஆலந்தாங்கல் வேறு உலகம். சுண்ணாம்பு வாசனைகூடப் போகாத கட்டடம், வாசலில் கோலம், கதவில் ரிப்பன், ஒரு முழங்கை நீளப் பூட்டு. தலைவர் ஏகாம்பரம் வெள்ளை வேட்டியில் நின்று வரவேற்றார். "உள்ள போனா கால்தடம் பட்டுரும் தம்பி. ஜன்னல்லயே பாத்துக்கோங்க, டைல்ஸு கண்ணாடியாட்டம் கீது."

எட்டிப் பார்த்தேன். மெய்யாகவே கண்ணாடிதான். குழாய்களின் மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அக்காவின் சோபாவை மதிக்கத் தெரிந்த ஒரு பஞ்சாயத்து! பூட்டுக்குப் பக்கத்தில் நின்று கட்டை விரலைத் தூக்கி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். திரும்பி வரும் வழியில் அந்த ஊர்ப் பெண்கள் வயல் பம்புசெட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். இயற்கையோடு இயைந்த வாழ்க்கை என்று நினைத்துக்கொண்டேன். (அட அறிவுகெட்டவனே!) பராமரிப்பு: மிகச் சிறப்பு. பத்துக்கு ஒன்பது. ஒரு மார்க்கைக் குறைத்தது, கோலத்தில் ஒரு புள்ளி தள்ளியிருந்ததால்.

அந்த அறிக்கையை வாசித்துக் காட்டும் கூட்டம் தி.நகரில் ஓர் ஓட்டல் அரங்கில் நடந்தது. வெளிநாட்டிலிருந்து எலீன் என்ற அதிகாரி வந்திருந்தார். இரண்டு தலைவர்களும் பஸ் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அறிக்கையை வாசிப்பதும் நான், மொழிபெயர்ப்பதும் நான். புது கோட்டு வேறு. (கைப்பட்டையில் தைத்திருந்த கம்பெனி லேபிளைப் பிரிக்கவில்லை. புதுசு இல்லையா?)

'பத்துக்கு ஒன்பது' என்று நான் முடித்ததும் ஏகாம்பரம் எழுந்தார். பையிலிருந்து ஒரு தாம்பாளத்தை எடுத்தார். அதில் ரோஜா மாலை, குங்குமம், ஒரு கத்தரிக்கோல், ஒரு சாவி. நேராக எலீனிடம் போய் நீட்டினார்.

"அம்மா, தம்பி அன்னிக்கே போன்ல சொல்லிட்டாரு. எட்டு மாசமா ஒரு ஈ காக்கா உள்ள போவல. நீங்க வந்து ரிப்பன் வெட்டி, உங்க கையால தொறந்து வெச்சாத்தான் எங்க பொம்பளைங்க உள்ள போவாங்க."

எலீன் என்னைப் பார்த்தார். "இது மரியாதைக்குத் தரும் சாவி. எங்கள் ஊர் வழக்கம்" என்று ஆங்கிலத்தில் கூசாமல் புளுகினேன். அவர் புன்னகையோடு சாவியை எடுத்தார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், அவர் பார்வை எனக்குப் பின்னால் இருந்த திரைக்குப் போனது. அங்கே நான், சுவர் அளவுக்கு, பல்லெல்லாம் தெரிய, பூட்டுப் பக்கத்தில் கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தேன். அவர் சாவியைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

"நீங்கள் உள்ளே போனீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ஜன்னல் வழியாக" என்றேன். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். அதுவும் அன்றைக்கு லீவு போலும்.

என் வேலை அந்த வாரமே போயிற்று. அது போகட்டும், சனியன். ஆனால் அடுத்து ஐரோப்பாவிலிருந்து வந்த கடிதம்தான் என்னை உடைத்துவிட்டது. இந்த அறிக்கையில் எதையுமே நம்புவதற்கில்லை, ஆகவே இரண்டு ஊர்களுக்குமே இரண்டாம் கட்ட நிதி கிடையாது. நான் பழைய ஆபீசுக்கே நேரில் போய்க் கெஞ்சினேன், மூன்று முறை கடிதம் எழுதினேன். புதுமேடுதான் நிதியை நிஜமாகப் பயன்படுத்தியது என்று நான் சொன்ன உண்மையையும் ஒருவரும் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்?

அன்று கூட்டம் முடிந்ததும் தி.நகர் பஸ் நிலையத்தில் பாக்கியம் அக்கா பக்கத்தில் போய் நின்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"பாவாடைய எழுதினியே தம்பி, அது யாருதுன்னு கேட்டியா? ஏரிக்கரைத் தெருப் பொண்ணுங்களுது. கொடமும் தூக்கி ஈரத்துணியும் தூக்க முடியாதுன்னு அங்கியே காயப்போட்டுட்டுப் போவுங்க" என்றார். பஸ் வந்ததும் ஏறிவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோபா உறையைக் கிழித்தேன். அக்கா கத்திய கத்தலுக்குக் கபாலி கோயில் புறாக்கள் எழுந்து பறந்திருக்கும். அப்புறம் விஷயத்தைக் கேட்டு உட்கார்ந்துவிட்டாள், உறையில்லாத சோபாவிலேயே. அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் புதுசாக எதை வாங்கினாலும் மாமா ஆரம்பித்துவிடுவார்: "யாரும் தொடாதீங்கப்பா! மச்சான் ஜன்னல் வழியா பாத்து மார்க்கு போடட்டும்!" புதுச் செருப்புக்கும் இதுதான், புது மிக்ஸிக்கும் இதுதான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வேறு வழி?

போன மாதம் பாக்கியம் அக்கா, தன் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கத் தி.நகர் வந்தவர், விலாசம் விசாரித்துப் பத்திரிகை வைக்க வீட்டுக்கே வந்துவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் அக்கா புது டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளரில் கடை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. மாமாவுக்கு வாய் நிற்குமா? "மார்க்கு போட்டாச்சா மச்சான்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். என்ன விஷயம் என்று கேட்டு, முழுக் கதையும் தெரிந்துகொண்டு, எங்கள் எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் பாக்கியம் அக்காதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். காலி டம்ளரைப் பார்த்தார். அப்புறம் எங்கள் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தபடி சாதாரணமாகத்தான் கேட்டார்:

"உங்க வூட்ல கொழாயத் தொறந்தா வந்துடும், இல்ல தம்பி?"