சிக்கன நடவடிக்கையும் ஒரு செகண்ட் கிளாஸ் பாஸும்

முன்ஜாக்கிரதைக்காரனை யாரும் பாராட்டுவதில்லை. மழை வந்தால் “நல்லவேளை, குடை கொண்டுவந்தார்” என்று சொல்ல ஆளில்லை. வராவிட்டால் “எதுக்கு சார் குடை?” என்று கேட்க ஒன்பது பேர். நான் அந்த ரகம். (என் மனைவி கமலா இதைப் ‘பயந்தாங்கொள்ளி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்.)

ஃபோர்ட் ஏரியாவில் ஒரு சரக்குக் கப்பல் ஏஜென்சியில் எனக்கு வேலை. ஒருநாள் லேப்டாப்போடு இரண்டு இளைஞர்கள் வந்து, “நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள்?” என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் உள்ள எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்த வாரமே ஆட்குறைப்புப் பேச்சு கிளம்பியது. லிஸ்டில் யார் பெயர் என்று யாருக்கும் தெரியாது. திலக் நகர் வீட்டுக் கடன் முடியவில்லை, மகள் இஞ்சினியரிங் கடைசி வருஷம். ஐம்பத்தொரு வயதில் வேலை போனால் யார் கூப்பிடுவார்கள்? நிஜமாகவே பயந்தேன்.

பயந்தவன் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். வீட்டில் உள்ளவர்களுக்குச் சட்டம் போட்டேன். வேலை ஏற்கெனவே போய்விட்டதாக நினைத்து இப்போதே வாழப் பழக வேண்டும் என்று அறிவித்தேன். இரண்டாவது பால் பாக்கெட் நின்றது. மகள் போனில் படம் பார்ப்பது நின்றது. கமலா வெள்ளிக்கிழமைதோறும் மாட்டுங்கா போய்ப் பூ வாங்குவதும் நின்றது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில்தான் கேட்டாள்.

“எங்களுக்கெல்லாம் கட் பண்ணியாச்சு, சரி. உங்களுக்கு என்ன கட்? ஊருக்குத்தான் உபதேசமா?”

ரோஷம் வந்துவிட்டது. ஆபீஸ் போகும் லோக்கல் ரயிலில் பதினைந்து வருஷமாக நான் ஃபர்ஸ்ட் கிளாஸ் பாஸ்காரன். ஞாயிற்றுக்கிழமையே ஸ்டேஷனுக்குப் போய், மறுநாள் தேதி போட்டு செகண்ட் கிளாஸ் பாஸ் வாங்கிவந்து அவள் முன்னால் வைத்தேன்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் யோக்கியமாக செகண்ட் கிளாஸில் போனேன். ஒரு சட்டைப் பட்டனும் டிபன் டப்பாவின் மூடியும் போயின. வியாழன் காலை பிளாட்பாரத்தில் நிற்கும்போது ஆபீஸிலிருந்து மெசேஜ் வந்தது. பதினொரு மணிக்கு எல்லோரும் மீட்டிங் ஹாலுக்கு வர வேண்டுமாம். அதை நாலு தடவை படித்தேன். படித்துக்கொண்டிருந்த நேரத்தில் கால்கள் தம் பழக்கப்படி பழைய இடத்தில் போய் நின்றிருக்கின்றன. வண்டி வந்தது, கூட்டம் தள்ளியது, உள்ளே போனேன். நிமிர்ந்து பார்த்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ்.

அடுத்த ஸ்டேஷன் குர்லா. இறங்கியிருக்கலாம். ஆனால் ஜன்னலோரம் எங்கள் மேனேஜர் ராமநாதன் சார் உட்கார்ந்திருந்தார். செம்பூரில் ஏறுபவர். என்னைப் பார்த்து, வாங்கோ என்று கையாட்டி, தள்ளி உட்கார்ந்து இடமும் கொடுத்தார். லிஸ்ட் போடுகிறவர் இடம் கொடுக்கும்போது, “சார், நான் செகண்ட் கிளாஸ்” என்று சொல்லிவிட்டு இறங்குவதா? உட்கார்ந்தேன். என்னைக் கவலையில்லாத மனிதன் என்று நினைக்கட்டுமே என்ற கணக்கும் இருந்தது.

ஜி.டி.பி. நகர் ஸ்டேஷனில் டிக்கெட் செக் பண்ணும் டி.சி. ஏறினார். நேராக என்னிடம் வந்தார். மூன்று பைகளைத் துழாவியபின் பாஸை நீட்டினேன்.

“அங்கிள், யே தோ செகண்ட் கிளாஸ் கா ஹை. வடாலா மே உதர்னா.”

இது செகண்ட் கிளாஸ் பாஸ், வடாலாவில் இறங்கு என்கிறார். பெட்டியே திரும்பிப் பார்த்தது. ராமநாதன் சார் மட்டும் திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே சாக்கடையை அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காக வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். அங்கேதான் என் புத்தி முழுசாகக் கெட்டது. நான் கௌரவமான ஆள், வேண்டுமானால் இந்த சாஹபைக் கேளுங்கள், என் மேனேஜர் என்று என் ஹிந்தியில் சொல்லி அவர் தோளைத் தொட்டுக் காட்டினேன்.

டி.சி. அவர் பக்கம் திரும்பி, “ஆப்கா பாஸ்?” என்றார்.

சார் மெதுவாக எடுத்துக் கொடுத்தார். அதுவும் செகண்ட் கிளாஸ்.

வடாலாவில் இருவரையும் இறக்கி, டி.சி. ரூம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ரசீது போடுகிறவர் டீ குடிக்கப் போயிருந்தார். கொஞ்ச நேரம் இருவரும் சுவரில் இருந்த ரயில்வே காலண்டரைப் பார்த்தோம்.

“நீங்க எப்பலேர்ந்து?” என்றார் சார்.

“மண்டேலேர்ந்து சார்.”

“நான் ரெண்டு மாசமா. செகண்ட்ல போனா ஆபீஸ்காரா யாராவது பார்த்துடுவான்னு ஃபர்ஸ்ட்லயே வந்துண்டிருந்தேன்.” காலண்டரைப் பார்த்தபடியே சொன்னார். “லிஸ்ட்ல உங்க பேர் இல்லை. முதல் பேரே என்னோடதுதான். இன்னும் ஆத்துல சொல்லலை.”

எனக்கு வந்த முதல் உணர்ச்சி சந்தோஷம். அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன். அபராதம் கட்டி, அடுத்த வண்டியில் இருவரும் செகண்ட் கிளாஸில் ஏறி, தாமதமாக மீட்டிங்குக்குப் போனோம். அவர் சொன்னபடியே நடந்தது.

அன்று சாயங்காலம் கமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். “அவராத்துல மொதல்ல சொல்லச் சொல்லுங்கோ” என்றாள். மறுநாள் காலை போன் செய்து சொன்னேன். அவரும் சொல்லிவிட்டார். நாலு மாதம் கழித்து வாஷியில் அவருக்கு வேறு வேலை கிடைத்தது.

கமலா பிறகு சிரிக்க ஆரம்பித்தவள்தான், இன்னும் நிறுத்தவில்லை. நான் எதற்காவது சிக்கனம் பேசினால், “வடாலா வந்துடுத்தா?” என்கிறாள். போன வருஷம் ராமநாதன் சார் மகள் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டாரோடு பந்தியில் உட்கார்ந்திருந்தோம். சார் வந்து என் தோளில் கைவைத்து அவர்களுக்கு அறிமுகப்படுத்தினார்.

“ரொம்ப வேண்டியவர். என்னைப் பிடிச்சுக் கொடுத்ததே இவர்தான்.”

சம்பந்தி வாயருகே கொண்டுபோன ஜாங்கிரியை இலையிலேயே வைத்துவிட்டார்.