குழந்தைகளுக்கு ஜன்னலோரம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. நடுவில் மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். ஜொகூர் மாநிலம் முழுக்கத் தேடினாலும் எங்கள் ஸ்டேஷன் மாஸ்டரைப் போல இன்னொரு மனுஷன் கிடைக்கமாட்டார்.

நிஜ ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை, நாங்கள் வைத்த பேர். ரயில்வேயில் கொடி காட்டி ரிட்டையர் ஆனவர். லாயாங் லாயாங் ஊரிலிருந்து பஸ் ஏறி எங்கள் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வருவார். என்னைப் போலவே சம்பளமில்லாமல் மருந்து ஸ்டோரில் சாமான் அடுக்கும் வேலை.

வந்த முதல் வாரமே அலமாரிக்கு அலமாரி அட்டையில் ஸ்டேஷன் பேர் எழுதி ஒட்டிவிட்டார், அதுவும் தமிழில். ரெங்கத்தில் பஞ்சு, கூலாயில் சிரிஞ்சு, கெம்பாஸில் மாஸ்க். தேதி முடியப்போகிற பெட்டியைக் கதவுப்பக்கம் நகர்த்தி வைத்து, "இவர் அடுத்த ஸ்டேஷன்ல இறங்கணும், தூங்கிடப் போறார்" என்பார்.

தலைமைத் தாதி தலையில் கை வைத்தார். "அங்கிள், இது ஆஸ்பத்திரி லா!"

"இங்கயும் ஆள் வர்றாங்க, போறாங்க. அங்கயும் அதேதானம்மா."

பெட்டிகளின் மேல் இருப்பதெல்லாம் இங்கிலீஷ். எனக்கு அது படிக்கத் தெரியாது. அதை யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு, நின்றுவிடலாம் என்றிருந்தேன். அந்த அட்டைகளால்தான் தொடர்ந்து வந்தேன்.

ஒருநாள் அவர் பொந்தியானில் அக்கா மகள் கல்யாணத்துக்கு பஸ் ஏறியிருந்தார். வார்டிலிருந்து ஒரு சின்னத் தாதி ஓடிவந்தாள். "ஆன்ட்டி, கைக்குழந்தைக்கு மூச்சு வாங்குது. மருந்துப்புகை வைக்கிற சின்ன மாஸ்க் வேணும். வார்டுல இருந்தது கிழிஞ்சிருச்சு!" கெம்பாஸில் பார்த்தேன். எல்லாம் பெரியவர்கள் மாஸ்க். அவருக்குப் போன் போட்டேன்.

"எங்க நிக்கிற தங்கச்சி?"

"கெம்பாஸ்ல அண்ணே. சின்ன மாஸ்க் காணோம்!"

"அலமாக்! அடடா, நேத்துதான் மாத்துனேன், சொல்ல மறந்துட்டேன். கொழந்தைங்க எங்க உக்காருவாங்க?"

"அம்மா மடியில."

"ஐயோ, ரயில்ல தங்கச்சி, ரயில்ல! ஜன்னலோரம்!"

திரும்பினேன். ஜன்னலடியில் பேரே ஒட்டாத ஒரு தட்டு. சின்ன மாஸ்க், சின்ன ஊசி, மெல்லிசுக் குழாய் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எடுத்துக் கொடுத்துவிட்டு வார்டு வாசலில் நின்றேன். உள்ளே போகத் தைரியம் இல்லை. ரொம்ப நேரம் விசில் மாதிரி மூச்சுதான் கேட்டது. அப்புறம் திடீரென்று வீலென்று ஒரு அழுகை.

"அழறான் ஆன்ட்டி! மூச்சு நல்லா வருது!" என்றாள் தாதி.

கையிலிருந்த போனை அப்போதுதான் பார்த்தேன். நான் வைக்கவே இல்லை. "தங்கச்சி, கொழந்த எப்படி இருக்கு?" என்று அதிலிருந்து சத்தம். பஸ் இரைச்சலில் நான் பேசுவது கேட்கவில்லை என்று பாதி வழியில் இறங்கி, வெயிலில் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். அடுத்த பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி, சாப்பாடும் முடிந்துவிட்டதாம்.

ஸ்டேஷன் பேர்களை நான் தப்பாக எழுதியிருந்தால், ரயில் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். அவரையே கேட்கலாம்தான். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.