பத்துப் பட்டன் சமன்பாடு

"தண்ணியில கை வைக்காதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?" என்றாள் தையல்காரி.

அவள் கணவன், பம்ப் ஆபரேட்டர், நோட்டைப் பார்த்தான். இடப்பக்கம் H₂ + O₂. வலப்பக்கம் H₂O. வலப்பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் குறைந்தது. அவன் O-வின் காலடியில் ஒரு சின்ன 2 போட்டு விவகாரத்தை முடித்திருந்தான்.

"ரெண்டு பக்கமும் சரியாத்தானே இருக்கு?"

"எண்ணிக்கை சரி. தண்ணிதான் காணோம். இது புண்ணு கழுவுற மருந்து. குடிநீர் நிலையத்துல வேலை பார்த்துக்கிட்டு ஊருக்கே இதைத் திறந்து விட்டுடாதீங்க."

அவன் பத்தாவதோடு படிப்பைத் தலைமுழுகியவன்; அவள் பன்னிரண்டாவதுவரை வேதியியல் படித்தவள். பதினோரு வருடமாக இரவுப் பணி. பகலில் அவன் தூங்கும் அறையில்தான் அவளுடைய தையல் மெஷின் ஓடும். இருவரும் விழித்த கண்ணோடு பார்த்துக்கொள்வது மாலையில் ஒரு மணி நேரம். அதிலும் பாதி சாப்பாட்டில் போய்விடும்.

நிலையத்தின் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பகல் வேலை காலியாகியிருந்தது. ஒரே இடம், நாற்பது பேர் மனுப் போட்டிருந்தார்கள். தேர்வில் பத்துச் சமன்பாடுகளைச் சமன் செய்து, ஒவ்வொன்றும் என்ன வகை வினை என்று எழுத வேண்டும். முதல் மதிப்பெண் எடுப்பவருக்கு வேலை. இருவர் சமமாக எடுத்தால், படிப்பு அதிகம் உள்ளவருக்கு.

தையல்காரி நோட்டை மூடிவிட்டுப் பட்டன் டப்பாவைக் கவிழ்த்தாள். வெள்ளை ஆக்சிஜன், நீலம் ஹைட்ரஜன், கறுப்பு கார்பன்.

"இதோ பாருங்க. H₂O-ங்கிறது தைச்சு முடிச்ச சட்டை. அதுல ஒரு பட்டனைக் கூட்டவோ பிய்க்கவோ கூடாது. பத்தலைன்னா இன்னொரு முழுச் சட்டையை எடுத்து வைங்க."

அவன் வலப்பக்கம் இன்னொரு தண்ணீரை வைத்தான். "இப்ப இந்தப் பக்கம் ஹைட்ரஜன் பத்தலையே."

"அதுலயும் இன்னொரு ஜோடி எடுங்க."

எடுத்தான். நான்கு நீலம், இரண்டு வெள்ளை. இரண்டு பக்கமும் அதே.

"இதை அன்னைக்கே எவனாவது சொல்லியிருந்தா நான் பள்ளிக்கூடத்துச் சுவர் ஏறிக் குதிச்சிருக்க மாட்டேன்."

"சுவர் தப்பிச்சிருக்கும். சரி, வகை. ரெண்டு சேர்ந்து ஒண்ணாச்சுன்னா சேர்க்கை. ஒண்ணு உடைஞ்சு ரெண்டாச்சுன்னா சிதைவு, எங்க அப்பாவும் சித்தப்பாவும் வீட்டைப் பிரிச்ச மாதிரி. உங்க அக்கா லீவுக்கு வந்து என் கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு என்னைக் கூடத்துக்கு விரட்டினாங்களே, அது இடப்பெயர்ச்சி."

"அக்காவை ஏன் இழுக்கற?"

"அப்பதான் மறக்காது."

தேர்வு அன்று காலை அவள் தைத்த புதுச் சட்டையும், பையில் பட்டன் டப்பாவுமாகப் போனான். தேர்வறையைக் கண்காணிக்க வந்த அம்மாள் வாசலிலேயே டப்பாவை ஆட்டிப் பார்த்தார்.

"இது என்ன?"

"பட்டன் மேடம். படிச்சது இதுலதான்."

"பேனாவுக்கு மட்டும்தான் அனுமதி. இதை வெளிய வைங்க."

முதல் வரிசையில் உட்கார்ந்தான். முதல் கேள்வி, இரும்பு துருப்பிடிப்பது. மனதுக்குள் பட்டன்களை அடுக்கினான். அடுக்க அடுக்க உருண்டு ஓடின. கால் மணி நேரம் கழித்துக் குனிந்து பார்த்தபோது, சொந்த நெஞ்சில் வரிசையாக ஏழு பட்டன்கள் தெரிந்தன.

பல்லால் நூலைக் கடித்தான். நெஞ்சில் ஏழு, கைமடிப்பில் இரண்டு, சட்டைப் பையில் ஒன்று. மொத்தம் பத்தும் வெள்ளை. நான்கைப் பேனா மையால் நீலமாக்கினான். நீலம் இரும்பு, வெள்ளை ஆக்சிஜன். நான்கு இரும்பு, மூன்று ஜோடி ஆக்சிஜன், இரண்டு துரு. ஒரு பட்டன் கூட மிச்சமில்லை. அவனுக்கே சிரிப்பு வந்தது.

அடுத்தது மீத்தேன் எரிவது. நான்கு ஹைட்ரஜன் நீலம், நான்கு ஆக்சிஜன் வெள்ளை. கார்பனுக்கு என்ன செய்வது? பேன்ட்டில் கறுப்பாக ஒன்று இருந்தது. அதைக் கடிக்க முடியாது, திருகிப் பிய்த்தான்.

கணக்கு வந்துவிட்டது. ஆனால் ஓர் ஆக்சிஜன் மேசையிலிருந்து உருண்டு கண்காணிப்பாளரின் செருப்பருகே போய் நின்றது.

அவர் அதை எடுத்துக்கொண்டு வந்தார். திறந்த சட்டையையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எழுந்திருங்க."

"முடியாது மேடம்."

"ஏன்?"

"கார்பன் மேசை மேல இருக்கு."

"கலர் கலரா வெச்சு யாருக்கு சைகை காட்டுறீங்க? அப்படியே இருங்க. எதையும் தொடாதீங்க. ஆபீசரைக் கூட்டிட்டு வரேன்."

அவர் போய்விட்டார். பகல் வேலை அவரோடு படியிறங்கிப் போவது போல இருந்தது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"இதெல்லாம் என்னங்க?"

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. வெள்ளைச் சட்டை, தங்க நிறக் கண்ணாடி, கையில் காகிதம் செருகிய அட்டை.

"ஆக்சிஜன் சார். சைகை இல்ல சார், சத்தியமா. நான் கணக்குப் போடுற விதமே இதுதான்."

"ஒண்ணொண்ணா செஞ்சு காட்டுங்க. மெதுவா."

காட்டினான். துரு, மீத்தேன், சுண்ணாம்புக்கல். அவர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். வாக்குமூலம் என்று நினைத்து அவன் ஒவ்வொரு எண்ணையும் நிறுத்தி, அழுத்திச் சொன்னான்.

"நாலாவது?"

"இடப்பெயர்ச்சி சார். தாமிரம் சும்மா அது பாட்டுக்கு சல்பேட்டோட இருக்கு. அக்கா வந்து கிளப்பி விட்டுடறாங்க."

"எந்த அக்கா?"

"துத்தநாகம் சார்."

"சரி. அம்பு எந்தப் பக்கம்?"

சோதிக்கிறார் என்று புரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, "வலப்பக்கம் சார்" என்றான். பட்டன் பற்றாத இடத்தில் விரல்களை மடக்கினான். பத்தாவது கேள்விவரை போனான். அறை முழுக்க மூச்சுச் சத்தம் கூட இல்லை. பேனாக்கள் மட்டும் தாளில் ஓடின. எல்லோரும் பயந்துபோயிருக்கிறார்கள் என்று அவர்களுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டான்.

வெள்ளைச் சட்டைக்காரர் மூடியைத் திருகிப் பேனாவைப் பையில் செருகினார்.

"நான் ரெண்டு பட்டம் வாங்கினவன். ஒருத்தரும் எனக்கு இவ்வளவு தெளிவா சொன்னதில்ல."

"எல்லாம் என் வீட்டுக்காரி சொல்லிக் கொடுத்தது சார். எப்படியாவது நீங்கதான் பார்த்து..."

கண்காணிப்பாளர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"ஆபீசர் இன்னைக்கு வரலையாம், நீங்க எழுதுங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டையைப் பார்த்து முறைத்தார். "முப்பத்திரெண்டாம் நம்பர், கடைசி பெஞ்சை விட்டுட்டு இங்க என்ன பண்றீங்க?"